காற்றுப் புகாத கதவு

ஆகஸ்ட் 2, சனி

வெயில் 47. கடை வாசல் பூனைகூட உள்ளே வந்து ஏ.சி.க்குக் கீழே படுத்துக்கொண்டது. விரட்டவில்லை. இன்றைய வேலை: இரண்டு வார், ஒரு கண்ணாடி, நாலு செல். ஒரு பட்டான் டிரைவர் கொண்டுவந்த வாட்ச் நன்றாக ஓடுகிறதாம், நேரம் மட்டும் காட்டாதாம்.

காது மெஷின் மாட்டி இன்றோடு மூன்று வாரம். காதுக்கு ஒன்றாக இரண்டு. இனி இந்த நோட்டில் வ. என்றால் வலது, இ. என்றால் இடது. காதுக்குப் பின்னால் பாதாம் பருப்பு அளவில் ஒரு உடம்பு. அதிலிருந்து மெல்லிய ஒயர். ஒயர் நுனியில் குட்டி ஸ்பீக்கர். அதன் வாயில் கடுகளவு ஃபில்டர், குறும்பி உள்ளே போகாமல் இருக்க. அதற்கு மேல் ரப்பர் குடை ஒன்று. உடம்பின் அடியில் கதவு, கதவுக்குள் பட்டன் செல். 312 நம்பர், பழுப்பு ஸ்டிக்கர்.

ஹியரிங் சென்டரில் இதைக் கொடுத்த ஜின்ஸி என்கிற மலையாளிப் பெண் அரைமணி நேரம் பாடம் நடத்தினாள். எப்படிக் கழற்றுவது, எப்படித் துடைப்பது, ஸ்டிக்கரை எப்போது உரிப்பது. நான் அவள் தலைக்கு மேலிருந்த சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் பின்னால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துபாயிலிருந்து ஒன்றரை மணி தூரத்தில் இருக்கும் இந்த அல் ஐனில் இருபத்தெட்டு வருஷமாக வாட்ச் ரிப்பேர் செய்கிறேன். பட்டன் செல்லைப் பற்றி எனக்கே பாடமா.

ஒரே ஒரு சங்கடம். தொழுகையில் தக்பீருக்குக் கைகளைக் காதுவரை உயர்த்தினால் இரண்டும் சேர்ந்து 'கீ' என்று விசில் அடிக்கின்றன. அஸர் தொழுகையில் பக்கத்தில் நின்ற எகிப்துக்கார மிஸ்ரி சட்டைப் பையைத் தடவி ஃபோனை அணைத்தார். முன் வரிசையில் இன்னும் இரண்டு பேர் அணைத்தார்கள். நானும் என் பையைத் தடவிக்கொண்டேன், ஒன்றும் அறியாதவன் மாதிரி.

நாளை: ஃபில்டர் மாற்ற. உலர் டப்பா தேட.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

உலர் டப்பா கிடைத்தது. தூங்கும்போது மெஷினைக் கழற்றிப் போட்டு மூடும் டப்பா அது. அடியில் நீல மணிகள், ஈரத்தை உறிஞ்சுவதற்கு. மைதீன் அதில் ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறான். மைதீன் என் ரூம் கூட்டாளி, கீழக்கரைக்காரன், ஊரில் எனக்கு நாலு தெரு தள்ளி வீடு. சமையல் அவன், பாத்திரம் நான். "நமுத்துப் போகாம இருக்கு காக்கா" என்று டப்பாவுக்குச் சான்றிதழ் கொடுத்தான். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். ஏலக்காயைக் கொட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டேன். மெஷின் இப்போது பாயசம் மணக்கிறது.

ஊரிலிருந்து மனைவி பரீதா ஃபோன் செய்தாள். ஃபோனைக் காதில் வைத்தால் விசில், அதனால் ஸ்பீக்கர். அதனால் என் குடும்பத்தில் மைதீனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

மகள் ஷிஃபானாவுக்கு ராமநாதபுரத்திலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் நஸீர், துபாயில் ஆபீஸ் வேலை. ஊரில் அவன் வீட்டுப் பெண்கள் பெண்ணைப் பார்த்தாகிவிட்டது, பிடித்தும் விட்டது. வரும் சனிக்கிழமை பையனும் அவன் தாய்மாமனும் இங்கே என்னைப் பார்க்க வருகிறார்கள். பெண் பார்ப்பது தெரியும். இது வாப்பா பார்ப்பது.

"மெஷினை ஒழுங்கா மாட்டிக்கிட்டு உக்காருங்க" என்றாள் பரீதா. கேட்காமல் எதையாவது சொல்லி வைத்துவிடக் கூடாதாம். மெஷின் மெஷின் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லாதே என்றேன். பெண்ணின் வாப்பா செவிடு என்று தெரிந்தால், பிள்ளைகளுக்கும் வருமோ என்று எவளாவது ஒரு மாமி ஆரம்பிப்பாள். தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டால் மறைந்துவிடும்.

என் நிபந்தனை ஒன்றே ஒன்று. ஷிஃபா ஊரில்தான் இருக்க வேண்டும். கல்யாணமான கையோடு கூட்டிவந்து இங்கே ஒரு ஃபிளாட்டில் அடைக்கக் கூடாது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், ஆண்கள் இங்கே, பெண்கள் அங்கே. நானும் அப்படித்தான் இருந்தேன், ஒன்றும் குறைந்துவிடவில்லை. இந்த ஊர் வெயிலும் தனிமையும் என் மகளுக்கு வேண்டாம். பையனிடம் நேரில் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். சரி, சாப்பிடுங்க என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காற்றில் ஈரம். கடையிலிருந்து ரூமுக்கு நூறு அடி நடப்பதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வியர்வை காதுக்குப் பின்னால் இறங்கி மெஷினுக்குள் போகிறது. மதியம் கண்ணில் லென்ஸைச் செருகி வ.வின் கதவைத் திறந்து பார்த்தேன். செல் உட்காரும் கம்பியில் பச்சையாக ஒரு புள்ளி.

துரு. என் மேஜைக்கு வந்த எந்த வாட்சையும் நான் துருப்பிடிக்க விட்டதில்லை. கடலில் முத்துக் குளிக்கப் போன வாட்சுக்கே தண்ணீர் புகாமல் பேக் பண்ணிக் கொடுத்தவன் நான். என் காதிலேயே துருவா.

இன்னும் ஒன்று கண்டுபிடித்தேன். கதவில் ஊசி முனை அளவு ஓட்டை. இரண்டு மெஷினிலும் அதே இடத்தில். ஃபேக்டரியில் மூட மறந்திருக்கிறார்கள். இதை ஒரு மனிதன் விலை கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்று மணியிலிருந்து ஐந்து வரை இரண்டுக்கும் வேலை. பச்சையைச் சுரண்டி ஸ்பிரிட்டால் துடைத்தேன். ஓட்டைக்கு மெல்லிய ஃபிலிம் ஒட்டி ஒரு சொட்டுப் பசை. கதவு விளிம்பில் லேடீஸ் வாட்சின் ரப்பர் வளையத்தை, கேஸ்கட்டை, வெட்டிப் பதித்து, மேலே சிலிக்கான் கிரீஸ். மூடினால் 'டக்' என்று ஒரு சத்தம், நல்ல வாட்ச் மூடும்போது வருமே, அது. அரைமணி நேரம் ரசித்துக்கொண்டிருந்தேன். ஒரு அரபிப் பெண் காத்திருந்து போய்விட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் பிறகு சொன்னார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை புது செல் போட்டேன். நாற்பது நிமிஷத்தில் வ. 'டிங் டிங்' என்று எச்சரித்துவிட்டு அணைந்தது. ஐந்து நிமிஷம் கழித்து இ.யும் போய்விட்டது. வேறு இரண்டு போட்டேன். அரைமணி. வேறு இரண்டு. இருபத்தைந்து நிமிஷம். ஒரு வாரம் ஓட வேண்டிய செல்.

இந்த வெயிலில் கன்டெய்னரில் வெந்து வந்த சரக்கு. வேறென்ன. ஃபார்மசிக்குப் போய் வேறு கம்பெனி அட்டை வாங்கினேன். அதுவும் அதே. ஃபார்மசிக்காரனிடம் நாலு வார்த்தை கேட்டேன். அவன் பதிலுக்கு என்ன சொன்னான் என்று தெரியவில்லை, செல் தீர்ந்திருந்தது. அதனால் சண்டையில் நான்தான் ஜெயித்தேன்.

மாலையில் வேறு கூத்து. இ.யைக் கழற்றினால் ஸ்பீக்கர் வந்தது, ரப்பர் குடை வரவில்லை. காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. மைதீன் வெங்காயம் நறுக்கிய கையைக் கழுவிக்கொண்டு வந்து, என் லென்ஸைக் கண்ணில் செருகி, என் சாமணத்தை எடுத்துக்கொண்டு குனிந்தான். அசையாதீங்க காக்கா என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை, அசைந்தேன். எடுத்துவிட்டான். லென்ஸைக் கழற்றாமல் அரைமணி நேரம் ரூமெல்லாம் சுற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தான். பாத்திரம் சரியாகக் கழுவப்படவில்லை என்று தெரிந்துகொண்டான்.

ஆகஸ்ட் 6, புதன்

வெற்றி. ஏன் முன்பே தோன்றவில்லை. என் டிராயரில் இருக்கும் 392 நம்பர் வாட்ச் செல்லும் இந்த 312ம் ஒரே குறுக்களவு, ஒரே உயரம். போட்டேன். ஓடுகிறது. காலை ஒன்பதிலிருந்து சாயந்திரம் ஆறு வரை ஒரு 'டிங்' இல்லை. ஆக, என் கதவில் குற்றமில்லை, காது செல் விற்கிறவர்கள்தான் மோசம். துருவும் இல்லை. வியர்வை உள்ளே ஒரு சொட்டு இல்லை.

இதை ஹியரிங் சென்டருக்கு ஃபோன் செய்து சொல்ல வேண்டும். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சொன்னேன். ஜின்ஸி சத்தம் போட்டாள். வாட்ச் செல் போட்டால் வோல்ட் கூடுதல், மெஷின் உள்ளே எரிந்துபோகும், வாரண்டி கிடையாது. சாருக்கு அன்றைக்கு எல்லாம் விளக்கிச் சொன்னேனே என்றாள். சொன்னாய் சொன்னாய் என்றேன். மெஷினை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். சனிக்கிழமை விருந்தாளி, அதற்குப் பிறகு வருகிறேன் என்றேன். அப்படியானால் யாரையாவது அனுப்புங்கள், எங்கள் ஸ்டாக்கிலிருந்தே புது செல் தருகிறேன், ஏ.சி. அறையில் இருந்தது என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. மைதீனை அனுப்பி வாங்கிவிட்டேன். சனிக்கிழமை அவர்கள் வருகிற நேரத்தில் பிரித்துப் போடுவேன். அதுவரை வாட்ச் செல்.

சனிக்கிழமைக்கு:
ஆட்டுக்கறி, மைதீன்.
சஹன் தட்டு பெரியது, கீழ் வீட்டிலிருந்து இரவல்.
மைதீனின் கைலிகளைக் கொடியிலிருந்து எடுக்க.
வெள்ளைத் தொப்பி, காது மூடுகிறதா என்று பார்க்க.
நிபந்தனை. சாப்பிட்டு முடித்து டீ வந்ததும் சொல்ல. அதற்கு முன் வேண்டாம்.

ஆகஸ்ட் 9, சனி

விருந்து முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், எனக்கே பாதிதான் தெரியும்.

ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒரு மணிக்கே வந்தார்கள். துபாய்ப் பழக்கம். அழைப்பு மணி அடித்தபோதுதான் புது செல்லின் ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருந்தேன். போட்டு, கதவை 'டக்', தொப்பியை இழுத்து மாட்டி வாசல் கதவைத் திறந்தேன். பையன் நல்ல உயரம், சிரித்த முகம். கட்டிப்பிடித்தான். தாய்மாமன் குண்டு, மூச்சு வாங்கினார், லிஃப்ட் ஓடவில்லை.

முதல் இருபது நிமிஷம் சொர்க்கம். எல்லாம் கேட்டது. பையன் பேச்சு அடக்கம். மாமன் பேச்சு அடங்கவில்லை. சஹன் வந்தது. மூவரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். மைதீன் தாளிச்சா எடுக்க அடுப்படிக்குப் போனான். முதல் கவளம் எடுத்தேன், வ.வில் 'டிங் டிங்'. இரண்டாவது கவளத்தில் வ. போய்விட்டது. எலும்பை எடுத்தேன், இ.யும் போய்விட்டது.

எழுந்து போய் மாற்றலாம். சஹனில் மூன்று பேர் கை வைத்துச் சாப்பிடும்போது வீட்டுக்காரன் பாதியில் எழுந்தால் மரியாதை இல்லை. எச்சில் கையால் தொப்பிக்குள் கை விட்டால் அதைவிடக் கேவலம். உட்கார்ந்தேன்.

கேட்காத மனிதனிடம் மூன்று ஆயுதம் உண்டு. புன்னகை. அல்ஹம்துலில்லாஹ். இன்ஷா அல்லாஹ். எதிராளியின் புருவம் மேலே போனால் இன்ஷா அல்லாஹ், கீழே வந்தால் அல்ஹம்துலில்லாஹ், சந்தேகமாக இருந்தால் புன்னகை. மெஷின் வாங்குவதற்கு முன் இரண்டு வருஷம் இதை வைத்துத்தான் கடை நடத்தினேன்.

எல்லாம் ஒழுங்காகவே போனது. ஒரு கட்டத்தில் பையன் கையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டான். மாமனும் சாப்பிடுவதை நிறுத்தினார். இரண்டு ஜோடிப் புருவமும் மேலே. கல்யாணத் தேதியாகத்தான் இருக்கும், பெருநாள் கழித்து வைக்கலாமா என்று. "இன்ஷா அல்லாஹ், தாராளமா" என்றேன். போதவில்லையோ என்று தோன்றியதால் தலையையும் ஆட்டி, தட்டில் இருந்த நல்ல கறித்துண்டு ஒன்றை அவன் பக்கம் தள்ளினேன். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்திலும் கறிக்குக் கலங்குகிற பையன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

டீ வந்தது. நிபந்தனையைச் சொல்லவில்லை. சொன்னால் பதில் வரும், பதிலுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஃபோனில் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில் எவ்வளவு என்று பார்க்கவில்லை. வாட்ச் செல்லைத் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குப் பரீதா. குரலே வேறு மாதிரி. மாப்பிள்ளை வீட்டுக்கு என்னை மிகவும் பிடித்துவிட்டதாம். பேச்சு குறைவு, மனசு பெரிது என்று தாய்மாமன் ஊருக்கு ஃபோன் செய்து சொன்னாராம். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்கிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறாராம். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

பிறகு சொன்னாள். "மாப்பிள்ளை கேட்டதுமே தாராளமான்னு சொல்லிட்டீங்களாமே. நானும் ஷிஃபாவும் நம்பவே இல்லை."

எதற்குத் தாராளமா.

கல்யாணம் முடிந்து மூன்று மாதத்தில் ஷிஃபாவைத் துபாய்க்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவதற்கு. அவள் படித்த படிப்புக்கு இங்கே வேலைக்கு அனுப்புவதற்கு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தாராளமா.

பின்னால் ஷிஃபா அழுவது கேட்டது. சந்தோஷ அழுகை. மகள் அழுவதைத் தெளிவாகக் கேட்கிறேன், வாட்ச் செல் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. கடை திறக்க நேரமாகிவிட்டது என்றேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான் திறப்பேன் என்பது அவளுக்குத் தெரியும்.

மைதீனைப் பிடித்தேன். நீ அடுப்படியில்தானே இருந்தாய், கேட்டாயா என்றேன். எல்லாம் கேட்டதாம். காக்கா மனசு மாறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டானாம். மாமன் தன் நெஞ்சு ஆபரேஷனைப் பற்றிச் சொன்னபோது நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சிரித்ததைத்தான் அவனால் புரிந்துகொள்ள முடியவில்லையாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஹியரிங் சென்டர். கோபத்தோடு போனேன். உங்கள் ஏ.சி. ரூம் செல் இருபது நிமிஷத்தில் செத்து என் மகளை நாடு கடத்திவிட்டது என்று சொல்ல நினைத்தேன். செல் சரியில்லை என்று மட்டும் சொன்னேன்.

ஜின்ஸி வ.வின் கதவைத் திறந்தாள். பார்த்தாள். இன்னொன்றையும் திறந்தாள். சாமணத்தால் என் கேஸ்கட்டை உரித்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தாள். கிரீஸை விரலில் தொட்டு மோந்தாள். ஃபிலிமைப் பிய்த்தாள். இது ஆரு செய்தது என்று கேட்டாள். நான் என் கைகளைப் பார்த்தேன்.

அவள் புது செல் ஒன்றை எடுத்து ஸ்டிக்கரை உரித்துக் காட்டினாள். ஸ்டிக்கருக்குக் கீழே செல்லின் முதுகில் குட்டிக் குட்டி ஓட்டைகள். இருபத்தெட்டு வருஷத்தில் எந்த வாட்ச் செல்லிலும் நான் பார்த்ததில்லை. "ஸாரே, இதுக்குக் காற்று வேணும்" என்றாள். காற்று உள்ளே போனால்தான் இது உயிர் பிடிக்குமாம். ஸ்டிக்கரை உரித்த பிறகு இரண்டு மூன்று நிமிஷம் மேஜையில் வைத்துக் காத்திருந்துதான் போட வேண்டுமாம். கதவில் இருக்கும் ஓட்டை ஃபேக்டரிக்காரன் மறந்தது இல்லை, அவன் வேண்டுமென்றே வைத்தது. வாட்ச் செல்லுக்குக் காற்று வேண்டாம், அதனால்தான் அது மட்டும் ஓடியது. நான் தண்ணீர் புகாமல் அடைத்த அடைப்பில் ஐந்தாறு ஜோடி செல் மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன.

என் கேஸ்கட் வேலை சுத்தம் என்று பாராட்டினாள். அது இன்னும் வலித்தது.

மாற்றியவை: கதவு இரண்டு, ஃபில்டர் இரண்டு, குடை இரண்டு, நடுத்தர அளவு. கம்பியில் பச்சை இருந்த இடத்தைச் சுத்தம் செய்தாள். வியர்வைக்கு மெல்லிய துணி உறை உண்டாம், போட்டுக் கொடுத்தாள், காற்று போகுமாம், வியர்வை போகாதாம். கைகளைத் தக்பீருக்கு உயர்த்தும்போது உள்ளங்கையைக் காதிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்தால் விசில் வராது என்றாள். உனக்கு இது எப்படித் தெரியும் என்றேன். மாதத்தில் பத்துப் பேர் இதே புகாரோடு வருகிறார்களாம்.

இந்த முறை பாடம் முழுவதையும் கேட்டேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். வெளியே வந்தபின் திரும்பப் போய், உங்கள் சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் பின்னால் ஓடுகிறது, கழற்றித் தாருங்கள் என்று வாங்கிவந்தேன். காசு வேண்டாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வ., இ. இரண்டும் பிரமாதம். மைதீன் தூக்கத்தில் பல்லைக் கடிப்பது இப்போது தெரிகிறது.

சம்மதத்தைத் திரும்ப வாங்க வழி யோசித்தேன். கடை ரசீதின் பின்னால் எழுதிப் பார்த்தது:

தம்பி, அன்று நான் சொன்னது வேறு அர்த்தத்தில். (என்ன அர்த்தம்?)
தம்பி, தாராளமா என்று நான் சொன்னது கறியை. (வேண்டாம்.)
தம்பி, உடம்பு சரியில்லாத நேரத்தில். (பொய்.)
தம்பி, எனக்குக் காது கேட்காது. (இதற்குப் பேசாமல் இருந்துவிடலாம்.)

மைதீனைக் கேட்டேன். விட்டுவிடுங்கள் காக்கா, பிள்ளை சந்தோஷமாக இருக்கிறது என்றான். அவன் மனைவியும் ஊரில்தான். நீ உன் மனைவியைக் கூட்டிவந்தாயா என்றேன். அரிசி களைந்துகொண்டே இருந்தான், வெகு நேரம் களைந்தான்.

ஷிஃபா ஃபோன். வாப்பா, அங்கே குளிர் காலத்தில் ஸ்வெட்டர் வேண்டுமா என்று கேட்டாள். வாயைத் திறந்தேன், திரும்ப வாங்குகிற பேச்சை ஆரம்பிக்க. ஜனவரியில் காலையில் மட்டும் கொஞ்சம் குளிரும், ஒன்று போதும் என்றேன். நான் கோழை. நாளைக்குப் பரீதாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவள் மாப்பிள்ளை வீட்டிடம் பேசிக்கொள்வாள்.

ஆகஸ்ட் 13, புதன்

மைதீன் மீன் வாங்கப் போன நேரம் பார்த்துப் பரீதாவுக்கு ஃபோன் செய்தேன். செல் திங்கள்கிழமை போட்டது. நல்ல நிலை. குறித்துக்கொள்கிறேன், பிறகு சாக்குச் சொல்லக் கூடாது.

எல்லாம் சொன்னேன். கேஸ்கட், கிரீஸ், ஓட்டை, சஹன், கறித்துண்டு. பையன் கேட்டது என் காதிலேயே விழவில்லை, நான் சம்மதிக்கவே இல்லை, நீதான் பக்குவமாகப் பேசி இதைச் சரிசெய்ய வேண்டும் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றும் நினைத்தேன்.

இரண்டும் நடக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்:

"ஷிஃபாவுக்கு மூணு வயசு. லீவு முடிஞ்சு நீங்க கிளம்புறீங்க. எங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்கன்னு கேட்டேன். பொட்டி கட்டிக்கிட்டிருந்தீங்க. கயிறு எங்கேன்னு கேட்டீங்க."

வ.வைத் தொட்டேன், விசில் அடித்தது.

"அப்ப உங்களுக்குக் காது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். அடுப்பில் சோறு இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

அன்று கேட்டது. தெளிவாகக் கேட்டது. கயிறு என் கையில்தான் இருந்தது.

அவள் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காததால் வேண்டாம் போலிருக்கிறது என்று நான் வைத்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று பத்து நாள் முன்னால் இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். அவளுக்குக் குறைந்ததா என்று எழுதவில்லை. வெட்கமாக இருக்கிறது. மைதீன் கொண்டுவந்த மீன் நன்றாக இருந்தது, என் பங்கை அவன் தட்டில் வைத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தூசிக் காற்று. கடையில் யாருமில்லை.

நஸீருக்கு ஃபோன் செய்தேன். தம்பி, அன்றைக்கு நீங்கள் கேட்டது எனக்குக் கேட்கவில்லை, காதில் மெஷின், செல் தீர்ந்துவிட்டது என்றேன். பையன் பதறவில்லை. மெஷின் இருப்பது வந்தவுடனே தெரியும் மாமா, கட்டிப்பிடித்தபோது என் காதிலேயே விசில் அடித்தது, அதனால்தான் அந்தக் கேள்வியை அவ்வளவு சத்தமாகக் கேட்டேன் என்றான். அந்தச் சத்தமும் போதவில்லை என்றேன். இப்போது கேட்கிறதா, திரும்பக் கேட்கட்டுமா என்றான். கேட்டான். முழுவதும் கேட்டுவிட்டு, தாராளமா என்றேன். இந்தத் தடவை கறி இல்லாமல்.

பிறகு பரீதாவுக்கு. கடை ஷட்டரை இறக்கிவிட்டுப் பேசினேன். நேராகவே சொன்னேன். நீ இங்கே வந்து என்னோடு இரு, ஷிஃபா வருவதற்கு முன்னால் வா என்றேன்.

சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றாள்.

சொன்னேன்.

லைன் சரியில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை என்றாள்.

சத்தமாகச் சொன்னேன். அவள் காதுக்கு ஒரு குறையும் கிடையாது, ஊரில் மூன்றாவது வீட்டில் மிக்ஸி ஓடுவதைச் சொல்வாள். நாலாவது தடவை சொன்னபோது பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரைத் தட்டி என்ன ஆச்சு என்று விசாரித்தார். மாஃபி முஷ்கில், ஒன்றுமில்லை என்று அவரை அனுப்பிவிட்டு ஐந்தாவது தடவையும் சொன்னேன்.

"இப்பக் கேட்டுச்சு" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம். இரண்டு காதிலும் விழுந்தது.

"எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லைங்க."